லண்டனிலிருந்து ஒருநாள்: காலையில் லூயிஸ், மதியம் பிரைட்டன்

லண்டனுக்குப் புதிதாக வந்து வீடு பார்த்து, பள்ளியில் இடம் வாங்கி, ஜிபி என்னும் குடும்ப டாக்டரிடம் பதிந்து முடித்த கையோடு வீட்டில் குரல் எழும்: "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன்." கார் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கடற்கரை ஊரான பிரைட்டனில் கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ரயில்தான் சரி.

முதல் வேலை, ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை வாங்குவது. பெரியவர்கள் 4 பேர், பிள்ளைகள் 4 பேர் வரை ஒரே கார்டில் போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம். அந்த வயதில் ஒரு பிள்ளையாவது கூட வர வேண்டும். ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்டவாள வேலை என்று பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். முந்தின ராத்திரியே பார்த்துவிடுங்கள்.

லண்டனில் விக்டோரியா ஸ்டேஷனிலோ ஈஸ்ட் க்ராய்டனிலோ ஏறி நேராக லூயிஸ் என்ற பழைய ஊர். மேட்டில் நார்மன் காலத்துக் கோட்டை, சரிவில் ட்விட்டன் என்று அவர்கள் சொல்லும் ஒடுங்கிய சந்துகள். தள்ளுவண்டியோடு ஏறினால் மூச்சு வாங்கும். இரண்டு மணி நேரம் தாராளம். அங்கிருந்து பிரைட்டன் கால் மணி நேரம்.

பிரைட்டன் கடற்கரையில் கூழாங்கல்தான். மணல்வீடு கட்ட வாளியும் கரண்டியுமாகப் போன என் மகள் அழுததே மிச்சம். செருப்பைக் கழற்றாதீர்கள். சாப்பாட்டை வெட்டவெளியில் பிரிக்கவும் வேண்டாம்: புளியோதரையைத் தொடாத கடற்காகம், வடையை மட்டும் என் கையிலிருந்தே கொத்திக்கொண்டு போனது.

பிரைட்டனில் ராயல் பெவிலியன் அரண்மனையை விடாதீர்கள். நம்ம சேப்பாக்கம் அரண்மனைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி குவிமாடங்கள். முதல் உலகப்போரில், 1914 முதல் 1916 வரை, காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இதுதான் ஆஸ்பத்திரி. சாதி, மதம் பார்த்துத் தனித்தனிச் சமையலறைகூட வைத்தார்கள். உள்ளே போக டிக்கெட், தோட்டத்துக்குக் காசில்லை. அங்கே தெற்கு வாசல் 1921இல் இந்தியாவின் நன்றிக் காணிக்கையாக வந்தது.

மணல்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் அடுத்த முறை ரை என்ற ஊருக்குப் போங்கள். கல் பாவிய மெர்மெய்ட் தெரு அழகு. அங்கிருந்து பஸ்ஸில் கேம்பர் சாண்ட்ஸ் மணல் கடற்கரை. ஆனால் ஒன்று. மெரினாவில் அலையே மிரட்டிக் கரைக்கு விரட்டும். கேம்பரில் கடல் சாதுவாகத் தெரியும். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கும். அது திரும்பி வரும்போது மணல்திட்டுகளைச் சுற்றி, நமக்குப் பின்னால் முதலில் நிரம்பும். 2016 ஆகஸ்ட் 24 அன்று அங்கே மூழ்கி இறந்த ஐந்து இளைஞர்களும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள்.

கிளம்பும் முன் ஓத நேரம் பாருங்கள். உயிர்காப்பாளர் இருக்கும்போது, சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காமல் 999 அடித்து, "கோஸ்ட்கார்ட்" (கடலோர மீட்புப் படை) என்று கேளுங்கள்.