பழைய வீணையைச் செப்பனிடுவதா, மாற்றுவதா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் என்னிடம் வீணை கற்கும் மாணவி ஒருவரின் தாயார், பரணில் கிடந்த தம் மாமியாரின் வீணையைத் துடைத்துக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். “டீச்சர், இதுல சத்தமே வரல. கடையில குடுத்துட்டுப் புதுசா எடுத்துக்கலாம்னு இவர் சொல்றார்” என்றார். அவர் கணவர் கைப்பேசியில் புது வீணையின் படத்தையும் காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே தவறைச் செய்வதற்கு, நான் அன்று சொன்ன அதே காரணத்தோடு, ஒரு குடும்பம் என் கண்முன் ஆயத்தமாக நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தந்தியில் துரு ஏறாமல் துடைத்து வைப்பது, உறைக்குள் இட்டு வைப்பது, சுவரில் சாய்த்து வைக்காமல் இருப்பது போன்றவை முதல் வகுப்பிலேயே சொல்லப்படுபவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெழுகின் குற்றத்துக்கு மரத்தைத் தண்டிப்பது

வீணையில் தேய்வதற்கென்றே அமைந்த உறுப்புகள் சில உண்டு. தேயக் கூடாத உறுப்புகளும் சில உண்டு. தந்திகள், ஸ்வரத்துக்காக விரல் வைத்து அழுத்தும் 24 மெட்டுகள், அந்த மெட்டுகளைத் தாங்கும் மெழுகு, பலகையின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையில் பதித்த உலோகத் தகடு, சுருதி சேர்க்க முறுக்கும் பிரடைகள் ஆகியவை முதல் வகை. உருண்டையான குடம், அதிலிருந்து கழுத்துபோல் நீளும் தண்டி, குடத்தை மூடும் பலகை ஆகிய மூன்றும் இரண்டாம் வகை. முதல் வகையில் எது கெட்டாலும் கேட்பவர் காதுக்கு வீணை முழுவதும் கெட்டுவிட்டதாகவே படும். இந்த மயக்கத்தில்தான் நல்ல வீணைகள் பல கைமாறுகின்றன.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெரியம்மாவின் வீணை என்னிடம் வந்திருந்தது. குடமும் தண்டியும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்த ஏகாண்ட வீணை. சிலர் இதை ஏகாந்த வீணை என்றும் சொல்வார்கள். பல ஆண்டுகள் யாரும் தொடாததால் அதன் ஒலி மங்கிப் போயிருந்தது. மெட்டில் விரல் வைத்து மீட்டினால் ஒலி எழுந்த இடத்திலேயே அவிந்துவிடும். கமகத்துக்காகத் தந்தியை இழுத்தால் பாதி வழியில் நாதம் நின்றுவிடும். கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் முதல் தந்தியான சாரணியை மேல் ஸ்தாயி மெட்டு ஒன்றில் அழுத்தி இரண்டு முறை மீட்டிக் காட்டினார். “கேட்டீங்களா? டொக்கு டொக்குங்குது. மரம் செத்துப்போச்சு” என்றார். நான் தலையாட்டினேன். அந்த வீணையைக் கொடுத்து, அதற்கு மேல் என் இரண்டு மாதச் சம்பளத்தையும் கொடுத்து, குடத்தையும் தண்டியையும் தனித்தனியே செய்து ஒட்டிய, பளபளவென்று மின்னிய புது ஒட்டு வீணை ஒன்றை வாங்கி வந்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தந்தி வாங்குவதற்காக அதே கடைக்குப் போனபோது, பின்கட்டில் வயதான ஆசாரி ஒருவர் தரையில் அமர்ந்து மேளம் கட்டிக்கொண்டிருந்தார். மேளம் கட்டுவது என்றால், பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேன்மெழுகில் கரித்தூள் சேர்த்த புது மெழுகைத் தண்டியின் இரு விளிம்புகளிலும் வரப்புபோல் இட்டு, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு அதன் ஸ்வரஸ்தானத்தில் பதிப்பது. அவர் மடியருகே இருந்தது பெரியம்மாவின் வீணை. தண்டியின் நுனியில் செதுக்கிய யாளி முகத்தின் இடப்பக்கக் காது சற்றே உடைந்திருக்கும். அதைக் கண்டுதான் அடையாளம் தெரிந்தது. சுரண்டிப்போட்ட பழைய மெழுகு, காய்ந்த களிமண் ஓடுபோலத் துண்டு துண்டாகக் கிடந்தது. பாதி மெட்டுகள்தாம் ஏறியிருந்தன. அவர் புதிதாகப் பதித்த பஞ்சம மெட்டில் விரல் வைத்து மீட்டினார். அந்தக் கார்வை நின்றது, நின்றது, நான் மனத்துக்குள் எட்டு எண்ணும்வரை நின்றது. “இதை யாரும்மா குடுத்திருப்பாங்க? நல்ல ஏகாண்டமாச்சே” என்று என்னிடமே கேட்டார். நான் தந்திக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைக்காரர் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அவர் காட்டிய சோதனையின் ஓட்டையைக் காணாமல் இருந்த என் மீதுதான் அதைவிட அதிகம். மெட்டில் அழுத்தி மீட்டும்போது தந்தியின் ஒரு முனை மெட்டின் மேல் நிற்கிறது. மெட்டோ மெழுகின் மேல் நிற்கிறது. மெழுகு காய்ந்து வெடித்து மெட்டை விட்டு விலகியிருந்தால், தந்தியின் அதிர்வை அந்த இடைவெளியே விழுங்கிவிடும். மெட்டில் அழுத்தாமல் வெறும் தந்தியை மீட்டினால் அப்படியில்லை. அங்கே மெட்டுக்கும் அதன் அடியிலுள்ள மெழுகுக்கும் வேலையே கிடையாது. குதிரை, பலகை, குடம் ஆகியவைதாம் பேசுகின்றன. ஆகவே பழைய வீணை ஒன்று கைக்கு வந்தால், முதலில் சாரணிக்கும் அதற்கடுத்த பஞ்சமத்துக்கும் புதுத் தந்தி போட்டு, மெட்டைத் தொடாமல் மீட்டி, ஒலி தானாக அடங்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். பிறகு மெட்டில் வைத்து மீட்டுங்கள். வெறும் தந்தி நன்றாக முழங்கி, மெட்டில் வைத்தது மட்டும் அவிந்தால் அது மெழுகின் கோளாறு. மெட்டை விரல் நுனியால் அழுத்திப் பார்த்தால் சில இடங்களில் அது இலேசாக அமிழ்வதையும் உணரலாம்.

வெறும் தந்தியும் மந்தமாக இருந்தால்கூட உடனே தீர்ப்புக் கூற வேண்டாம். குதிரையின் தகட்டில் தந்தி அறுத்த பள்ளங்கள் இருக்கின்றனவா, தகடு குதிரையை விட்டு எங்காவது கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் சிக்கிய தந்தி ஒலிக்காது, இரையும். அதைத் தேய்த்துச் சீராக்கவோ தகட்டை மாற்றவோ முடியும். இவ்வளவும் செய்த பிறகும் ஊமையாகவே இருக்கும் வீணையைப் பற்றித்தான் மரம் சரியில்லை என்று பேசலாம். மேளம் கட்டி, குதிரையைச் சீராக்கி, தந்தி முழுவதையும் மாற்ற ஆகும் செலவு, புது வீணையின் விலையில் ஒரு சிறு பகுதிதான். அந்தச் சிறு செலவில் முடிந்திருக்க வேண்டியதற்கு ஒரு முழு வீணையை இழந்தவள் நான் என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கோணிய தண்டியின் மேல் மேளம் கட்டுவது

இது மேற்சொன்னதற்கு நேர் எதிரான தவறு. மேளம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கேட்ட மாணவர் ஒருவர், தம் பழைய ஒட்டு வீணைக்கு ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று முறை மேளம் கட்டினார். ஒவ்வொரு முறையும் சில மாதங்களுக்குள் மேல் ஸ்தாயி சுருதி பிசகிவிட்டது. காரணம் மெழுகில் இல்லை. ஏழு தந்திகளின் இழுவிசையை ஓயாமல் தாங்கித் தாங்கித் தண்டி வளைந்திருந்தது; வளைந்தது நிற்காமல் மேலும் வளைந்துகொண்டும் இருந்தது. அடித்தளம் இறங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் திரும்பத் திரும்பச் சுவர்ப்பூச்சு பூசியதுபோல் அவர் பணம் கரைந்தது.

சோதனை எளிது. தைக்கும் நூலை, யாளிப் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் மேருவின் அருகிலிருந்து குடத்தைத் தொடும் இடம்வரை, தண்டியின் மர விளிம்பை ஒட்டி விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். மெழுகின் மேல் விளிம்பைப் பார்க்காதீர்கள். அதைக் கட்டியவர் தம் விருப்பப்படி உயர்த்தியிருப்பார். நூலுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் தண்டி வளைந்திருக்கிறது. மெழுகு ஓரிடத்தில் மட்டும் திடீரென்று தடித்திருப்பதும் ஓர் அடையாளம்: முன்பு யாரோ அந்த வளைவை மெழுகால் நிரப்பி மறைத்திருக்கிறார்கள். மயிரிழை அளவு வளைவைப் பொறுத்துக்கொள்ளலாம். விரல் நுழையும் அளவு இருந்தால், அந்த வீணைக்கு மேளத்துக்கென்று ஒரு காசும் செலவிடாமல் வேறு வீணை தேடுங்கள்.

ஒட்டு எங்கே என்று பாராமல் விலை பேசுவது

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் ‘தஞ்சாவூர் வீணை’ என்ற பெயரை மட்டும் கேட்டு அது ஏகாண்டமா, ஒட்டா என்று அறிய முடியாது. ஒட்டு வீணை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. மேடையில் ஒலிக்கும் நல்ல வீணைகளில் ஒட்டு வீணைகளும் உண்டு. ஆனால் செப்பனிடுவதா, மாற்றுவதா என்ற கேள்விக்கு இந்த வேறுபாடுதான் முதல் விடை. குடத்தின் மர ரேகை அறுபடாமல் தண்டிக்குள் ஓடுகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். குடமும் தண்டியும் சேரும் இடத்தை அலங்காரப் பட்டை மூடியிருந்தால், பட்டையின் ஓரத்தில் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். கீறல் இருந்தால் பிரடைகளை முழுவதும் தளர்த்தி ஒரு முறையும், சுருதி சேர்த்து ஒரு முறையும் அதை நோக்குங்கள். தந்தி இறுகும்போது கீறல் விரிந்தால் அது வெறும் மெருகு வெடிப்பு அன்று, ஒட்டு விட்டுவிட்டது. ஒட்டைப் பிரித்து மீண்டும் சேர்ப்பது கைதேர்ந்தவரின் வேலை. அதற்கான கூலி புது வீணையின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். ஏகாண்டமாக இருந்து வேறோர் இடத்தில் வெடித்திருந்தால் பாதியைத் தாண்டினாலும் யோசிப்பேன்.

புது மெருகு பூசுவது

பூசாதீர்கள். வெடிப்பை மறைக்கும், பலகையில் தடித்துப் படிந்தால் ஒலியையும் மூடும்.

உடைந்த யாளி

ஒலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வழுக்கும் பிரடை

சுருதி நிற்கவில்லை என்பதற்காக வீணையை மாற்றியவர்களை நான் கண்டிருக்கிறேன். முதலில் சுண்ணக்கட்டித் தூளைத் தடவிப் பாருங்கள். போதவில்லையென்றால் துளையைச் சீராக்கிப் புதுப் பிரடை போடச் சொல்லுங்கள். பிரடைத் துளையைச் சுற்றி மரம் பிளந்திருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

சுருதியை ஏற்றுவது

மூன்று கட்டைச் சுருதிக்கென்று தந்தியும் அளவும் அமைந்த பழைய வீணையை, பாடிக்கொண்டே வாசிக்க வசதியாக இருக்கிறது என்று நாலரைக் கட்டைக்கு முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தந்தி அறுந்தால் பிழைத்தீர்கள்; அறுக்காத இழுவிசை முழுவதும் தண்டியின் மேலும் பலகையின் மேலும் இறங்கும். உங்களுக்கு உயர்ந்த சுருதிதான் தேவையென்றால், பழைய வீணையை விற்காமல், அளவில் சிறிய வேறொரு வீணையை வாங்கிக்கொள்வதே முறை.

தந்தம்

பழைய வீணைகளின் ஓரங்களில் யானைத் தந்த வேலைப்பாடு இருக்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்திய யானையின் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம். அத்தகைய வீணையைக் கடையில் மாற்றிக்கொள்வதற்கும் வெளிநாட்டிலுள்ள மகளுக்கு அனுப்புவதற்கும் முன்பு வனத்துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மான் கொம்பு என்று சொன்னாலும் கேளுங்கள். பிளாஸ்டிக் என்று சொன்னால் நல்லது.

பழையது என்பதாலேயே போற்றுவது

என் கதையைக் கேட்ட சிலர், பழைய வீணை எல்லாமே பொன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. வைரம் பாய்ந்த பலா நாள்பட நாள்பட நன்றாகப் பேசும். வைரம் பாயாத வெளிற்று மரத்தில் செய்த வீணைக்கு எத்தனை வயதானாலும் நாதம் வராது, பூச்சிதான் வரும். குண்டூசித் தலை அளவுத் துளைகள் தெரிந்தால் பதற வேண்டாம். அவை என்றோ வெளியேறிய பூச்சியின் சுவடாகவும் இருக்கலாம். வீணையைக் கறுப்புத் தாளின் மேல் ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். தாளில் மாவுபோல் புதுப் பொடி உதிர்ந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. குடத்தின் ஓரத்தில் மட்டும் என்றால் மருந்திட்டுக் காப்பாற்றலாம். தண்டிக்குள் உளுத்திருந்தால், அது யாருடைய நினைவாக இருந்தாலும், வாசிப்பதற்கு வேறு வீணைதான்.

மாணவியின் பாட்டி வீணைக்குப் புதுச் சாரணி போட்டு, வெறும் தந்தியை மீட்டிக் கேட்டோம். மாணவியின் தந்தை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார். நூல் பிடித்துப் பார்த்ததில் தண்டி நேராக இருக்கிறது. குடத்தின் அடியில் மட்டும் ஐந்தாறு துளைகள் உள்ளன. கறுப்புத் தாள் விரித்து இன்றோடு ஐந்து நாளாகிறது. இதுவரை பொடி விழவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு மேளம் கட்டுபவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.