கார் ஸ்டீரியோவில் பாட்டு வரவில்லையா? கடைக்குப் போகுமுன் இவற்றைப் பாருங்கள்

புதிய 64 ஜிபி பென் டிரைவில் பாட்டுகளை நிரப்பிக் காரில் செருகினால் திரையில் 'நோ ஃபைல்' என்று வரலாம். ஸ்டீரியோ போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள டிரைவ்கள் பெரும்பாலும் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில்தான் வருகின்றன. பல ஸ்டீரியோக்களுக்கு, முக்கியமாகப் பழையவற்றுக்கு, ஃபேட்32 என்ற இன்னொரு முறையை மட்டும்தான் படிக்கத் தெரியும். டிரைவில் இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து மறுபடி ஏற்றுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி பொதுவாக இந்தத் தேர்வைக் காட்டாது. ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளில் செய்யலாம். எங்களைக் கேட்டால் 32 ஜிபி டிரைவே போதும். 320 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) எம்பி3 ஆக ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 12 எம்பி. 2,500 பாட்டுக்கு மேல் பிடிக்கும். டிரைவ் பெரிதாகிப் பாட்டுகள் கூடக்கூட, ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் ஸ்டீரியோ பட்டியல் தயாரிக்க எடுக்கும் நேரமும் கூடும்.

அடுத்த குறை, பாட்டுகள் வரிசை மாறி ஒலிப்பது. கணினி பெயர் வரிசையில் அடுக்கிக் காட்டும். பல ஸ்டீரியோக்கள் டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் எடுக்கும். பெயர் வரிசையில் எடுக்கும் ஸ்டீரியோவிலும் 1, 10, 11, 2 என்றுதான் போகலாம். ஆகவே பெயரின் முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கமாகப் போட்டு, ஃபோல்டர் ஃபோல்டராக வரிசைப்படி நகலெடுங்கள். பின்னால் ஒரு பாட்டை மட்டும் சேர்த்தால் அது கடைசியில் போய் உட்காரும். மேக் கணினியில் நகலெடுத்தால் புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் சிறு மறைகோப்புகள் கூடவே வரும். ஸ்டீரியோ அவற்றையும் பாட்டென்று எண்ணித் திணறும், நீக்கிவிடுங்கள்.

ஓபஸ், வெப்எம் என்ற வேறு வடிவக் கோப்புகளின் பெயர்க் கடைசியை எம்பி3 என்று மாற்றினால் அது எம்பி3 ஆகிவிடாது. மென்பொருளில் மாற்ற வேண்டும். 128 கேபிபிஎஸ் பாட்டை 320 ஆக மாற்றினாலும் இடம்தான் வீணாகும். ஒருமுறை வெட்டிப்போன ஒலி திரும்பாது. ஸ்ட்ரீமிங் செயலிகளில் இறக்கிய பாட்டுகள் பூட்டப்பட்டவை, பென் டிரைவுக்கு வராது.

ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்தும் பாட்டு தெரியவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மலிவான பல கேபிள்களில் சார்ஜுக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது. கேபிள் சரியாக இருந்தாலும் போன் தன்னைப் பென் டிரைவாகக் காட்டாது; எம்டிபி என்ற வேறு முறையில் பேசும். அதைப் புரிந்துகொள்ளாத ஸ்டீரியோக்கள் ஏராளம். அப்போது ப்ளூடூத்தோ, ஆக்ஸோதான் (போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போகும் ஒலிக் கம்பி) வழி. ப்ளூடூத்தில் அழைப்பு வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் போனின் ப்ளூடூத் அமைப்பில் மீடியா ஆடியோ அணைந்திருக்கிறதா பாருங்கள்.

ஆக்ஸில் பலர் செய்யும் தவறு, போனில் ஒலியைக் குறைத்துக் காரில் கூட்டுவது. அப்படிச் செய்தால் பாட்டோடு இரைச்சலும் பெருகும். போனை 80-90 சதவீதத்தில் நிறுத்திவிட்டு, மீதியை ஸ்டீரியோவில் கூட்டிக் குறையுங்கள். இரண்டிலும் பேஸைக் (தாழ்ந்த, கனத்த ஒலி) கூட்டினால் ஒலி கிழியும். போனில் ஒலியை இப்படிக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள்.

ஆக்ஸில் பாட்டு ஓடும்போதே போனை 12 வோல்ட் சார்ஜரில் போட்டால் ஒரு கீச்சொலி கேட்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது உச்சத்துக்கு ஏறினால் காரணம், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர்தான். சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் வழியாகவும் இரண்டு எர்த் பாதைகள் உண்டாகி, அந்தச் சுற்றில் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் புகுந்துவிடுகிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் சந்தேகமே இல்லை. ஆக்ஸ் கேபிளுக்கு நடுவே அந்தச் சுற்றைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போட்டால் சார்ஜ் ஏற்றிக்கொண்டே கேட்கலாம். ஸ்பீக்கரை மாற்றிப் பணத்தை விடாதீர்கள்.

போனின் பாட்டைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள், அதை சென்னையில் 93.5, 98.3 போல நிலையம் ஓடும் அலைவரிசைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் நிலையம் இல்லாமல் வெறுமையாக உள்ள அலைவரிசையைத் தேடுங்கள். திருச்சிக்குப் போனால் அங்கே அந்த அலைவரிசை வெறுமையாக இல்லாமல் போகலாம். அப்போது மறுபடி தேட வேண்டும்.