ஓடும்போது இடுப்பில் துப்பாக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி சட்டத்தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அதற்கப்புறம் ஆஸ்டின் பக்கத்தில் நம்மவர்களும் நிறையப் பேர் வாங்கிவிட்டார்கள். விடியற்காலையில் பிரஷி க்ரீக் பாதையில் தனியாக ஓடும் பெண்களும் அதில் உண்டு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வார இறுதிகளில் சுடுதளத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் செய்ததையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். விசையில் விரல் வைக்காதே, குழலை ஆள் பக்கம் திருப்பாதே என்பதெல்லாம் முதல் வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

விசாவை மறப்பது

ஹெச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பர் சொன்னார் என்று இறங்காமல் வக்கீலிடம் கேளுங்கள்.

இலாஸ்டிக் இடுப்பை நம்புவது

எத்தனை தடவை சொன்னாலும் தீராத தவறு இது. துப்பாக்கிக்கு ஐந்நூறு, அறுநூறு டாலர் கொடுப்பார்கள். அதைத் தாங்கும் உறைக்கு இருபது டாலரில் ஒரு துணிப்பட்டை வாங்குவார்கள். இன்னும் சிலர் அதுவும் இல்லாமல், நாடா கட்டிய ஷார்ட்ஸில் அப்படியே செருகிக்கொள்வார்கள். பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

2008 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வெற்றி டச்டவுனைப் பிடித்தவர் பிளாக்சிகோ பரஸ். அதே வருடம் நவம்பரில், மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றுக்கு க்ளாக் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். துப்பாக்கி நழுவிக் கால் பக்கம் இறங்கியது. பிடிக்கப் போனார், தொடையில் குண்டு பாய்ந்தது. நியூயார்க்கில் எடுத்துச் செல்ல உரிமமும் இல்லை. இரண்டு வருடத் தண்டனையோடு சிறைக்குப் போனார். அவர் அப்போது ஓடவில்லை, எகிறிக் குதிக்கவில்லை. வேர்வையில் நனைந்த ஷார்ட்ஸோடு ஐந்து கிலோமீட்டர் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிக் பி365 மாதிரி சின்னத் துப்பாக்கியே குண்டு போடாமல் அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அது மேலும் கீழும் இழுபடும். இலாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். கனமான கைப்பிடிப் பக்கம் வெளியே சாயும். துணிப்பட்டையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: துணிக்கு மேலிருந்து அழுத்தினாலே விசை நகரும். துப்பாக்கியை எடுத்தவுடன் பட்டையின் வாய் மூடிக்கொள்ளும். திரும்ப வைக்க வேண்டுமென்றால், ஒரு கையால் வாயைப் பிரித்துப் பிடித்து, குழலை உங்கள் வயிற்றுப் பக்கமே திருப்ப வேண்டிவரும்.

போன கோடையில் ஒரு தம்பி வந்தார். நன்றாகச் சுடுவார், மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர். துணிப்பட்டையைக் காட்டி, "அண்ணா, இது போதும், அசையவே அசையாது" என்றார். சரி என்று, துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை இருவரும் பார்த்து உறுதி செய்துகொண்டு, கயிறு தாண்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கைப்பிடி டி-ஷர்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரிந்தது. அடுத்த குதியில் துப்பாக்கி கழன்றது. அவர் கை தானாகக் கீழே பாய்ந்து, தரையைத் தொடும் முன்பே பிடித்துவிட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். ஆள்காட்டி விரல் விசை வளையத்துக்குள் இருந்தது, குழல் முழங்கால் பக்கம் இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஆகவே, விழுகிற துப்பாக்கியைப் பிடிக்காதீர்கள். விழட்டும். நல்ல நிறுவனங்களின் இன்றைய துப்பாக்கிகள் பெரும்பாலும், விசையை இழுக்காதவரை சுடும் ஊசி முன்னே போகாதபடி உள்ளே தடுப்பு வைத்துத்தான் வருகின்றன. பெரும்பாலும் சுடுவது விரல்தான். 2018-இல் டென்வரில் பணி நேரத்துக்கு வெளியே ஒரு எஃப்பிஐ அதிகாரி நடனமாடிக்கொண்டே பின்பக்கம் கரணம் அடித்தார். துப்பாக்கி கீழே விழுந்தது, வெடிக்கவில்லை. அவசரமாக அள்ளி எடுத்தபோது வெடித்து, பக்கத்தில் இருந்தவரின் காலில் பாய்ந்தது. விழுந்தால் நில்லுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, விரலை நீட்டி, விசைக்கு வெளியே துப்பாக்கி உடலின் பக்கவாட்டில் வைத்து, கைப்பிடியை மட்டும் பற்றி எடுங்கள்.

உறை கைடெக்ஸ் போன்ற கெட்டியான பொருளில், விசை வளையத்தை முழுக்க மூடியதாக இருக்க வேண்டும். அது ஷார்ட்ஸில் தொங்காமல், உடம்போடு கட்டிய தனிப் பட்டையில் நிற்க வேண்டும். ஃபிலஸ்டர் எனிக்மா மாதிரி இதற்கென்றே செய்தவை கிடைக்கின்றன. துப்பாக்கியை முதலிலேயே உறையில் வைத்துவிட்டு, உறையோடு சேர்த்தே மாட்டுங்கள், கழற்றும்போதும் அப்படியே. காலித் துப்பாக்கியோடு வீட்டில் குதித்து, குனிந்து, ஷூ லேஸ் கட்டி, தரையில் உருண்டு பார்த்தபிறகுதான் வெளியே. எடை தொந்தரவாக இருந்தால் ரூகர் எல்சிபி போன்றதைப் பாருங்கள். குண்டு போடாமல் 270 கிராம்தான்.

கூடைப்பந்து, கபடி, மல்யுத்தம்

வேண்டாம். வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போங்கள்.

பையில் போட்டு ஆடுகளத்து ஓரத்தில் வைப்பது

தண்ணீர் பாட்டில் தேடும் பிள்ளைகள் முதலில் திறப்பது உங்கள் பையைத்தான். 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் டெக்சாஸில் அதுவே குற்றம். கார் டாஷ்போர்டு அறையும் பெட்டகம் ஆகாது.

பள்ளிக்கூடத்தைக் கவனிக்காமல் பாதை போடுவது

உரிமம் தேவையில்லை என்று மாநிலம் சொன்னாலும், பள்ளி எல்லையிலிருந்து ஆயிரம் அடிக்குள், அதாவது சுமார் முந்நூறு மீட்டருக்குள், பொது நடைபாதையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு போவது ஃபெடரல் சட்டப்படி குற்றம். அந்த மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நம் குடியிருப்புகளில் பள்ளியைத் தாண்டாமல் ஓட முடியாது. அதனால் வகுப்புக்குப் போய் எல்டிசி எனப்படும், துப்பாக்கி எடுத்துச் செல்லும் டெக்சாஸ் உரிமத்தை வாங்கிவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பள்ளிக் கட்டடத்துக்குள்ளும், பள்ளி நிகழ்ச்சி நடக்கும் மைதானத்திலும் அந்த உரிமமும் செல்லாது.

வேர்வையைத் துடைக்காமல் விடுவது

உப்பு இரும்பைத் தின்னும். ஓடி வந்ததும் குண்டை எடுத்துவிட்டுத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியின் ஸ்பிரிங்கையும் மேல் தோட்டாவையும் பாருங்கள். உறையின் திருகுகள் அதிர்விலேயே தளரும். வாரத்துக்கு ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் நீல லாக்டைட் என்ற திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள்.