சனிக்கிழமை நான்கு மணி

குழந்தைகள் இல்லத்தில் வளரும் பெண் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்பவர்களிடம், பரிசுப் பொட்டலத்தோடு ஒருநாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

ஒன்பது வருடங்களாகச் சனிக்கிழமை நான்கு மணிக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறேன். முதல் வருடம் இரண்டு வாரம் சொல்லாமல் நின்றுவிட்டேன். திரும்பிப் போனபோது ஒருத்தி நோட்டைத் திறக்கவே இல்லை. “நீங்களும் வரமாட்டீங்கன்னு நினைச்சேன்” என்றாள். அந்த ‘உம்’ இன்னும் உறுத்துகிறது. மாதம் ஒருமுறைதான் முடியுமென்றால் அதையே சொல்லுங்கள். சொன்ன நாளில் போய்விடுங்கள்.

பாடத்தை வகுப்பை வைத்துத் தொடங்காதீர்கள். இடம் மாறி மாறி வந்த பிள்ளைக்கு நடுவில் எங்கெங்கோ விட்டுப்போயிருக்கும். எட்டாம் வகுப்புக்காரிக்குப் பின்னம் வரவில்லை. நான்காம் வகுப்புப் புத்தகத்துக்குப் போனோம். அட்டை போட்டுத்தான் கொடுத்தேன், மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கக் கூடாதே!

பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் அவளுக்காக யார் போய் உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். யாருமில்லை என்றால், இல்லத்தின் எழுத்து அனுமதியோடு நீங்கள் போகலாம். அப்புறம் நாப்கின். அது பூட்டிய அலமாரியில் இருந்தால் கேட்கக் கூச்சப்பட்டே பிள்ளை பள்ளிக்கு மட்டம் போடும். குளியலறைப் பக்கம் திறந்த அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் இல்லத்தைக் கொஞ்சம் துருவுங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒரு பராமரிப்பாளர்? அவர்கள் அடிக்கடி மாறுகிறார்களா? அக்கா தங்கை ஒன்றாக இருக்கிறார்களா? சாவியோடு சொந்தப் பெட்டி உண்டா? வார்டன் மீதே புகார் என்றால் வெளியே யாரிடம் சொல்வது? உங்கள் பின்னணியை விசாரிக்காமல் உள்ளே விடும் இடம் எனக்குப் பயம் தருகிறது.

சொந்தத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய அறிவு வளர்ச்சி மற்றவர்களைவிட மேம்பட்டது. பாட்டி ஒருத்தி இருந்து, அவளால் பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ள முடியுமென்றால், அந்த வீட்டுக்கு உதவுவதே மேல்.

பதினெட்டு வயதில் வெளியேறும் நாளுக்குப் பதினைந்திலேயே தயாராகுங்கள். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே கோப்பில், அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கல்லூரி விடுமுறையில் எங்கே தங்குவாள் என்பதையும் பேசி வையுங்கள், விடுதியைப் பூட்டிவிடுவார்கள். சேர்க்கைப் படிவத்தில் ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே யார் பெயர் என்பதை அவளிடம் கேட்டு, அந்த ஆளிடமும் சொல்லிவிடுங்கள்.