இருபது கை ஆட்டத்தை வைத்து எதிராளியை எடைபோடுவது எப்படி?

இணையவழிப் போக்கரில் புதிதாக ஒருவர் மேசைக்கு வந்து இருபது கை (ஒருமுறை சீட்டுப் பகிர்ந்து ஆடி முடிக்கும் சுற்று ஒரு கை) ஆடி முடிப்பதற்குள் ‘இவர் எந்தச் சீட்டுக்கும் உள்ளே வருபவர்’, அதாவது எது கிடைத்தாலும் பந்தயம் கட்டி ஆட்டத்தில் சேர்பவர் என்று முடிவுகட்டும் பழக்கம் சேலத்தில் நான் அறிந்த ஆட்டக்காரர்கள் பலரிடமும் இருக்கிறது. ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முதல் இரண்டைக் கடந்ததுமே ஓட்டுநரின் திறமைக்குத் தீர்ப்பு எழுதுவதைப் போன்றது இது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் ஒன்றிய அரசுச் சட்டம் தடைசெய்துள்ளதால், இங்கே சொல்வதெல்லாம் இலவச சிப்களை (பந்தய வில்லைகளை) கொண்டு ஆடும் மேசைகளுக்கே உரியது.

முதலில் விழுக்காட்டை எழுதாதீர்கள், எண்ணிக்கையை எழுதுங்கள். ‘60%’ என்ற குறிப்பு 5 கையில் 3 என்பதையும் 500 கையில் 300 என்பதையும் ஒன்றாகக் காட்டிவிடும். ‘20இல் 12’ என்று எழுதினால், அந்தக் குறிப்பே தன் பலவீனத்தைச் சொல்லும்.

அந்தப் பலவீனம் எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். 20 கையில் 12 முறை தானாக விரும்பிச் சிப் போட்ட ஒருவரின் உண்மையான விகிதம், தோராயமாக 38 முதல் 82 விழுக்காட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதே 60 விழுக்காடு 100 கைக்குப் பிறகும் நீடித்தால் வரம்பு 50–70 ஆகவும், 400 கைக்குப் பிறகு 55–65 ஆகவும் சுருங்கும். அதாவது ஐயத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டம் தேவை. மேசையின் பொதுச் சராசரி 40 விழுக்காடு என்று கொண்டால், அந்தச் சராசரி ஆட்டக்காரர் ஒருவரே 20 கையில் 12 முறையோ அதற்கு மேலோ உள்ளே வருவதற்கு நூற்றுக்கு ஆறளவு வாய்ப்பு உண்டு. எதிரில் ஐந்து பேர் அமர்ந்திருக்கும்போது, அவர்களில் ஒருவராவது அப்படித் தோன்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று.

ஆகவே கண்ட விகிதத்தைச் சராசரியை நோக்கி இழுத்துப் படிக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது எளிய வழி: சராசரியாக ஆடப்பட்ட 30 கற்பனைக் கைகளை ஒவ்வொருவர் கணக்கிலும் சேர்த்துவிடுங்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 30 கைக்கு 12. ஆக 50இல் 24, அதாவது 48 விழுக்காடு. 100 கையில் 60 என்றால் 130இல் 72, சுமார் 55 விழுக்காடு. ஆட்டம் கூடக்கூடக் கற்பனைக் கைகளின் செல்வாக்கு தானே தேய்ந்துவிடும். இலவச மேசைகளில் பலரும் தாராளமாக உள்ளே வருவதால், பணமேசைகளுக்காக எழுதப்பட்ட சராசரிகளைக் கடன் வாங்காமல் உங்கள் மேசையிலேயே எண்ணிப் பாருங்கள்.

எண்ணும்போது சிலவற்றைக் கழிக்க வேண்டும். பிக் பிளைண்டில், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் வைக்கும் இடத்தில், இருப்பவர் செலவின்றிச் சீட்டைப் பார்ப்பது விருப்பத்தின்பேரில் வந்ததாகாது. மூவர் மட்டும் ஆடும் மேசையில் எல்லோரும் அதிகக் கைகளை ஆட நேர்வதால் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். ஏற்காட்டுப் பக்கம் மலைச்சரிவிலிருந்து ஆடும் நண்பருக்குச் சிக்னல் அறுந்து, நேரம் முடிந்ததும் செயலியே ஃபோல்டு செய்துவிட்டால் (சீட்டைக் கைவிட்டுவிட்டால்), அதை அவருடைய எச்சரிக்கைக் குணமாகப் பதிவுசெய்வது பெரும் பிழை.

ரீரெய்ஸ் (ஒருவர் உயர்த்திய பந்தயத்தை மேலும் உயர்த்துவது) போன்ற அரிய செயல்களில் இன்னும் பொறுமை தேவை. 20 வாய்ப்புகளில் ஒருமுறைகூட ரீரெய்ஸ் செய்யாதவரை ‘செய்யவே மாட்டார்’ என்று எண்ணக் கூடாது. நூற்றுக்கு ஏழு முறை செய்பவரும் 20 வாய்ப்புகளில் வெறுங்கணக்கோடு நிற்பதற்கு 23 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மாறாக, ஷோடவுனில், அதாவது கடைசியில் சீட்டைத் திறந்து காட்டும்போது, வெளிப்படும் ஒரே ஒரு சீட்டுச் சோடி பல எண்களைவிட அதிகம் பேசும். முதலில் முடிவெடுக்க வேண்டிய இருக்கையிலிருந்து, ஒரே சின்னத்தில் அமையாத ஜாக்–நான்கு என்ற மெலிந்த சோடியைக் கொண்டு ரெய்ஸ் செய்தவரின் (பந்தயத்தை உயர்த்தியவரின்) எல்லை, அதாவது அவர் ஆடத் துணியும் சீட்டுகளின் வரம்பு, எவ்வளவு அகலமானது என்பது அந்த ஒரு கையிலேயே தெரிந்துவிடுகிறது.

குறிப்பு மெலிந்திருக்கும்வரை, தவறினாலும் சிறிதளவே இழக்கும் மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். தாராளமாக வருபவராகத் தோன்றுபவரிடம் நடுத்தரமான நல்ல சீட்டுக்கும் ஒரு சிறிய பந்தயம் வைத்துப் பார்ப்பது அத்தகையது. ஆனால் ‘மூன்று முறையும் ஃபோல்டு செய்தார்’ என்பதை நம்பி முழுச் சிப்பையும் தள்ளிப் பிளஃப் செய்வது (நல்ல சீட்டு இருப்பதுபோல் பாசாங்கு செய்வது) அத்தகையதன்று. பாதி முறை மட்டுமே ஃபோல்டு செய்பவரும் எட்டில் ஒரு முறை மூன்றுக்கு மூன்று காட்டுவார். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வாய்ப்புகளாவது எண்ணி முடியும்வரை காத்திருங்கள்.