மரணப் படுக்கையருகே இறை இரக்கச் செபமாலை: முதன்முறை சொல்பவர்களுக்கு

“சாமியார் வந்தால் ஆள் போய்விடும்” என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றி ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தோட்ட வரிசை வீடுகளான லயம் போய்க் குடியிருப்புப் பகுதியான தாமானில் வீடு வந்துவிட்டது, இந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. அதற்குப் பயந்து என் பாட்டிக்குக் குருவானவரை அழைக்காமலே நாளைக் கடத்தினோம். அவர் வந்தபோது பாட்டியின் விரல்கள் குளிர்ந்திருந்தன. குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் உயிரோடு இருப்பவருக்கு மட்டுமே உரியது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே செபமாலையைத் தேடுவதற்கு முன் போனை எடுங்கள். நோயாளி பேசும்போதே, ஒரு வாய் விழுங்க முடியும்போதே அழையுங்கள். அப்போதுதான் பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், கடைசிப் பயணத்துக்கு வழியுணவாக நற்கருணை என்று மூன்றும் கிடைக்கும். பழையவர்கள் சொல்லும் ‘அவஸ்தைபூசுதல்’ என்ற பெயர்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்தச் சடங்கைத் திருத்தினார். கடும் நோயின் தொடக்கத்திலேயே இதைப் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

அடுத்தது அறை. தொலைக்காட்சியை நிறுத்துங்கள். தலைமாட்டில் ஒரு சிலுவை போதும். ஆக்சிஜன் ஓடினால் மெழுகுவத்தி கொளுத்தவே வேண்டாம். நெஞ்சில் கோடாலித் தைலத்தை அள்ளித் தேய்க்க ஓர் அத்தை கட்டாயம் வருவார், அன்போடு தடுத்துவிடுங்கள். பால் ஊற்றும் வழக்கமும் நம்மிடம் உண்டு. விழுங்க முடியாதவருக்கு அது புரையேறும். பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றினால், வறண்ட உதடு மெல்ல அசைவதைப் பார்ப்பீர்கள். அது போதும்.

இனிச் செபம். வீட்டில் இருக்கும் சாதாரண ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையே போதும். தொடக்கத்தில் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மரியே, ஒரு விசுவாசப் பிரமாணம். பெரிய மணியில் ஒருவர் சொல்ல வேண்டியது: “நித்திய பிதாவே, எங்கள் பாவங்களுக்காகவும் அகில உலகின் பாவங்களுக்காகவும், உமது நேச மகனும் எங்கள் ஆண்டவருமான இயேசு கிறிஸ்துவின் உடலையும் இரத்தத்தையும் ஆன்மாவையும் இறைத்தன்மையையும் உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன்.” சின்ன மணி பத்திலும் அவர் “இயேசுவின் வேதனை நிறைந்த பாடுகளை முன்னிட்டு” என்று தொடங்க, மற்றவர்கள் “எங்கள்மீதும் அகில உலகின்மீதும் இரக்கமாயிரும்” என்று முடிப்பார்கள். இப்படி ஐந்து பத்து. முடிவில் மூன்று முறை: “பரிசுத்த கடவுளே, பரிசுத்த வல்லவரே, பரிசுத்த நித்தியரே, எங்கள்மீதும் அகில உலகின்மீதும் இரக்கமாயிரும்.” கோவிலுக்குக் கோவில் சொற்கள் கொஞ்சம் மாறும். உங்களுக்குப் பழகியதையே சொல்லுங்கள்.

போலந்து நாட்டுக் கன்னியர் புனித ஃபவுஸ்தீனா 1935 செப்டம்பரில் வில்னியூஸ் நகரில் இந்தச் செபத்தைப் பெற்றதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாகிறவர் அருகே இதைச் சொன்னால், தந்தைக்கும் அவருக்கும் நடுவே இயேசு இரக்கமுள்ள மீட்பராக நிற்பார் என்ற வாக்குறுதியும் அதில் உண்டு. 1959இல் வத்திக்கான் இந்தப் பக்திக்குத் தடை போட்டது, 1978இல் தடையை நீக்கியது. 2000ஆம் ஆண்டு ஃபவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டமும் கிடைத்தது. ரோமாபுரிக்கே நிதானம் தேவைப்பட்டிருக்கிறது, உங்களுக்கு உடனே மனம் ஒட்டவில்லை என்றால் பதற வேண்டாம்.

தொடக்கக்காரர்கள் தடுமாறும் இடம் வேறு. எங்கள் வரிசையில் ஒரு பெரியவர், பால்மரம் வெட்டிய கூலியில் பாதியைச் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்கே கொடுத்தவர். அவர் கிடையில் விழுந்தபோது மகன் செபமாலையைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டான். “இவருக்கு எதற்கு அண்ணே இரக்கம்?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை, மணியை உருட்டத் தொடங்கினேன். மூன்றாவது பத்தில் அவனும் “எங்கள்மீதும்” என்றான். கவனியுங்கள், அந்தச் செபத்தில் ‘இவர்மீது’ என்ற சொல்லே கிடையாது. கேட்கிறவனும் அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள்தான் நிற்கிறான். லூக்கா 23இல் இயேசுவோடு சிலுவையில் தொங்கிய, மனந்திரும்பிய கள்வன் கேட்டதும் ஒரே வரிதான். பழைய கணக்கை எல்லாம் எடுத்துக் காதில் ஓதுகிற உறவினர் யாராவது இருந்தால், தேநீர் போடச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிடுங்கள்.

மூச்சு வாங்கத் தொடங்கினால் நீண்ட செபத்தை விட்டுவிடுங்கள். நினைவில்லாதவருக்கும் காது கேட்கக்கூடும். அம்மா, மாமா என்று எப்போதும் கூப்பிடும் முறையைச் சொல்லிக் கூப்பிட்டு, “இயேசுவே, உம்மை நம்புகிறேன்” அல்லது “இயேசு, மரி, சூசை” என்று காதருகே சொல்லுங்கள், மூச்சு விடும் வேகத்திலேயே. இந்து உறவினர்கள் வாசலில் தயங்கி நின்றால் உள்ளே அழையுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளச் செபம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மூச்சு நின்றபின் விரல் எந்த மணியில் இருந்தாலும் அங்கேயே நிறுத்தலாம். “நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக” என்று சொல்லிவிட்டு அழுங்கள். யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிவைக்கட்டும். வீட்டில் இறந்தால் அடக்க அனுமதிக்குப் போலீஸ் நிலையம் போக வேண்டும், அங்கே அதைக் கேட்பார்கள்.