எஸ்பிரெஸோவுக்கு 250 ரூபாய் கொடுக்கும் முன்

மந்தைவெளியில் முப்பது வருடமாகக் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிறேன். என்னிடம் பீபெரி என்னும் உருண்டைக் காபிக்கொட்டை வாங்கியவர்களின் பிள்ளைகள் இப்போது நுங்கம்பாக்கத்தில் பளிங்கு மேடையும் பித்தளை விளக்குமாக இருக்கும் இத்தாலிய பாணிக் கடைகளுக்குப் போகிறார்கள். "மாமா, அங்கே 250 ரூபாய்க்கு விற்கும் எஸ்பிரெஸோ அந்த விலை பெறுமா?" என்று கேட்கிறார்கள். கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில், சோபாவைத் தேடாதீர்கள். எஸ்பிரெஸோ என்பது இயந்திரத்தில் அழுத்தி இறக்கும் சிறு கோப்பைக் கருப்புக் காபி; இத்தாலியில் அது அன்றாடப் பானம். வேலைக்குப் போகிறவர்கள் மேடையருகே நின்று, மூன்று வாயில் முடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பல ஊர்களில் ஒரு யூரோவோ சற்று மேலோதான் விலை, உட்கார்ந்தால் ஏறும். மயிலாப்பூர் மெஸ் வாசலில் டவராவில் ஆற்றியபடி நாம் நிற்பதும் இதே பழக்கம்தான். பளிங்குக்கும் வாடகைக்கும் எவ்வளவு, காபிக்கு எவ்வளவு என்று மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேடையருகே நின்றால் இயந்திரம் தெரியும். கொட்டையை அப்போதே அரைக்கிறார்களா? காலையில் அரைத்து வைத்த தூள் என்றால் மணம் போய்விட்டிருக்கும். என் கடையில் நான் தினமும் காணும் உண்மை இது. பிறகு காபி கோப்பையில் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். ஒற்றை எஸ்பிரெஸோவுக்கு இத்தாலிய வழக்கு சுமார் 7 கிராம் தூள், 25 விநாடி, 25 மில்லி. பத்து விநாடியிலேயே கோப்பை நிரம்பினால் புளிப்பும் தண்ணீருமாக இருக்கும். சொட்டுச் சொட்டாக இழுத்தால் கசக்கும். கோப்பை சூடாக இருக்க வேண்டும்.

மேலே மிதக்கும் பொன்னிற நுரையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1901-ல் மிலானின் லூயிஜி பெஸ்ஸேரா காப்புரிமை பெற்ற ஆவி இயந்திரத்தில் அந்த நுரை வரவில்லை. ஆக்கில்லே காஜ்ஜா 1940-களில் கைப்பிடியால் அழுத்தம் ஏற்றும் இயந்திரத்தைக் கொண்டுவந்தபோதுதான் வந்தது. அதற்குக் 'க்ரீமா' என்று பெயர் வைத்து, அதையே பெருமையாகச் சொல்லி விற்றார். இன்றும் விளம்பரப் படங்களில் கண்ணை இழுப்பது அந்த நுரைதான். ஆனால் பொதுவாக மலிவான ரோபஸ்டா வகைக் கொட்டை கலந்தாலும் நுரை தடிப்பாக வரும். ஆகவே நுரையை மட்டும் நம்பி உயர்ந்த காபி என்று முடிவு கட்டாதீர்கள்.

ரோபஸ்டாவைத் தாழ்வாகவும் நினைக்காதீர்கள். இந்தியக் காபியைப் பெருமளவில் வாங்கும் நாடு இத்தாலி. குடகிலும் வயநாட்டிலும் விளைந்த ரோபஸ்டா அங்கே எஸ்பிரெஸோ கலவைகளில் சேர்கிறது. அதனால் தயங்காமல் கேளுங்கள்: எந்த ஊர்க் கொட்டை, வறுத்த தேதி என்ன? ஒரு கடையில் நான் கேட்டேன். அந்தப் பையன் டப்பாவைத் திருப்பி, அதிலிருந்த இத்தாலியப் பெயரை மட்டும் காட்டினான். வறுத்த தேதி அதில் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. கொட்டையை வளர்த்தவர் நம் பக்கத்து மலைக்காரராகவே இருந்திருக்கலாம்.

சர்க்கரை போடலாம், கூச்சம் வேண்டாம்; இத்தாலியர்கள் பலரும் போடுகிறார்கள். ஆறும் முன் குடித்துவிட்டு வெளியே வாருங்கள். ரயில் நிலையம் வரை நடக்கும்போதும் மணம் நாவில் நின்றால், அந்தக் கடைக்கு மறுபடி போங்கள்.